மட்டியாபுருஜ் முதல் மாயலோகம் வரை

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றோரம் இருக்கிறது கார்டன் ரீச். 1856-இல் அரியணை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, அங்கே மட்டியாபுருஜில் 1887-இல் மறையும்வரை வாழ்ந்தார். ராதை கண்ணன் கதையை ‘ரஹஸ்’ என்ற இசைநாடகமாக்கியவர் அவர். நாடு போன பிறகும் பாட்டையும் ஆட்டத்தையும் விடவில்லை. அவர் போற்றிய தும்ரி என்ற பாட்டு வகையில் பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒரு முறை ஏக்கம், மறுமுறை ஊடல். சொல் மாறாது, உணர்ச்சி மாறும்.

பாட்டால் கதை சொல்லும் வழக்கம் திரையிலும் உண்டு. அதே கொல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் 1932-இல் எடுத்த தேவலோகக் கதைப் படம் ‘இந்திரசபா’. சுமார் 70 பாடல்கள்!

இன்றைய மாயலோக வீடியோ விளையாட்டுகளிலும் மனநிலையை ஆள்வது இசைதான். ஆடுபவர் காட்டில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் பல விளையாட்டுகளில் இசையை அடுக்கடுக்காகப் பதிவு செய்கிறார்கள். தனியே நடந்தால் குழல் மட்டும். எதிரி நெருங்கினால் முரசும் சேரும். 1987-இல் தொடங்கிய ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசைக்கு இசையமைத்த நோபுவோ உயேமத்சுவின் மெட்டுகள் இன்று சிம்பொனி அரங்குகளில் ஒலிக்கின்றன.

நேயர்களே, வீட்டில் பிள்ளைகள் இப்படி விளையாடும்போது ஒரு நிமிடம் ஒலியை நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.