கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மேற்கே போகும் சாலை – 17

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டையைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் ஏரிதான் நினைவுக்கு வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் 24 அடியில் எத்தனை அடி நிரம்பியது என்று தினமும் செய்தி பார்ப்பார்கள். அதே ஊரில்தான் ஈவிபி ஃபிலிம் சிட்டியும் இருக்கிறது. முன்பு கேளிக்கைப் பூங்காவாக இருந்த இடம். ராட்டினம் சுற்றிய மண்ணில் இன்று செட் போடுகிறார்கள். 2017 ஜூன் 25 அன்று அந்த வளாகத்தில் ஒரு வீட்டின் கதவைத் திறந்துவைத்து, ‘பிக் பாஸ்’ தமிழின் முதல் சீசனை கமல்ஹாசன் தொடங்கினார்.

போன வாரம் ஆவடி டேங்க் ஃபேக்டரி குடியிருப்பில் நிறுத்தினேன். அங்கிருந்து இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. நம் நெடுந்தொடர்களில் மாமியார் உண்டு, போலீஸ்காரர் உண்டு, நாகக்கன்னி கூட உண்டு. பாட்டுப் பாடிப் பிழைக்கிறவரின் வாழ்க்கை அபூர்வம். ஆனால் புகழ்பெற்ற பாட்டுக்காரர் ஒருவர் காலையில் பல் துலக்குவதிலிருந்து ராத்திரி அழுவது வரை தமிழ்நாடு உட்கார்ந்து பார்த்தது இந்த வீட்டில்தான். பாப் நட்சத்திரங்களின் வாழ்க்கையைச் சொல்லும் டிவி நாடகம் என்று நம்மிடம் ஏதாவது இருந்தால், அது இதுதான். அதில் எது இருக்கிறது, எது விடுபடுகிறது என்பதுதான் என் கவலை.

பாட்டுக்காரர்களில் யார் யார் அந்த வீட்டுக்குள் போனார்கள் என்று பாருங்கள். 2018இல் ஆனந்த் வைத்தியநாதன்; ‘சூப்பர் சிங்கர்’ பாட்டுப் போட்டிப் பிள்ளைகளுக்குக் குரல் பயிற்சி கொடுத்தவர். அதே சீசனில் பாடகி ரம்யா என்.எஸ்.கே. 2020இல் வேல்முருகன், கூடவே 2012இல் சூப்பர் சிங்கர் ஜூனியர் பட்டம் வென்ற ஆஜித். 2021இல் ‘நாக்க முக்க’ சின்னப்பொண்ணு, கானா பாடகி இசைவாணி. 2022இல் இலங்கைத் தமிழ் ராப் பாடகர் ஏடிகே, அசல் கோளார். 2023இல் யுகேந்திரன். நடுவில், 2019இல், மலேசியாவிலிருந்து வந்த முகேன் ராவ் பட்டத்தையும் 50 லட்ச ரூபாயையும் வென்றார். வீட்டுக்குள் அவர் பாடிய ‘சத்தியமா’ பாட்டு வெளியே பலர் வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்தில் ‘வேலன்’ படத்தில் கதாநாயகன் ஆனார்.

அந்த வீட்டின் அமைப்பை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். 1999இல் நெதர்லாந்தில் இதன் மூல நிகழ்ச்சியான ‘பிக் பிரதர்’ தொடங்கியபோது பிறந்த ஏற்பாடு அது. சுவரெங்கும் பெரிய பெரிய கண்ணாடிகள். உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு நடைபாதை. அதில் கேமராக்காரர்கள் சத்தமில்லாமல் நகர்ந்தபடி படம் பிடிக்கிறார்கள். கடிகாரம் கிடையாது, போன் கிடையாது, பேப்பர் கிடையாது. கழுத்தில் எப்போதும் ஒரு மைக். காலையில் எழுப்புவதற்கு ஒரு சினிமாப் பாட்டு அலறும். தூக்கக் கலக்கத்தோடு எல்லோரும் புல்வெளிக்கு வந்து ஆட வேண்டும். பாடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும் அங்கே பாட்டு என்றால் முதலில் அலாரம்.

இசைவாணியை எடுத்துக்கொள்கிறேன். வடசென்னைப் பெண். ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்தவர். பா.இரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் போனதும், அந்த சீசனின் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு டாஸ்க். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் லைக், டிஸ்லைக், ஹார்ட் கொடுப்பார்கள். கஷ்டப்பட்ட கதைக்கு எதிரிலேயே மதிப்பெண். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவின் அடியும் தாளமும் எப்படி அமைகிறது, ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் எப்படி இடம்பிடித்தாள், ஒரு ராத்திரிக்குக் கையில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்க அவ்வளவு கேமராக்கள் இருந்தும் நேரம் இல்லை. கண்ணீருக்கு நேரம் இருந்தது.

பாட்டுக்காரரின் உழைப்பைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆடி மாதம் அம்பத்தூர் பக்கம் வாருங்கள். கூழ் ஊற்றி முடித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்மன் கோவில் தெருவை அடைத்து மேடை போட்டிருப்பார்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் குழுவின் பெயரை விடப் பெரிய எழுத்தில் ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்று போட்டு ஒரு படம். மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு ஆக்டோபேட், ஒரு லேப்டாப். பாடகி போனில் வரிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே, “அண்ணே, எக்கோ கொஞ்சம் கம்மி பண்ணுங்க, என் குரலே எனக்குக் கேக்கல” என்பார். “இரும்மா, ஜெனரேட்டர் மாத்தினதும் பாக்குறேன்” என்பார் சவுண்ட் சர்வீஸ்காரர். முதல் பாட்டு சாமிப் பாட்டு. அப்புறம் ஒரு இளையராஜா, ஒரு ரஹ்மான், அப்புறம் கூட்டம் கேட்கிற குத்து. நடுவில் கவுன்சிலருக்குச் சால்வை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருப்பதால் ஒன்பதரைக்கே ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து ஓரமாக நிற்பார். அவரையும் சிரிக்கவைத்துக்கொண்டு கடைசிப் பாட்டை எட்டுக்கட்டையில் முடிக்க வேண்டும். தொண்டை கட்டியிருந்தாலும் பாட வேண்டும். மறுநாள் திருவேற்காடு, அதற்கு மறுநாள் பட்டாபிராம்.

பேனரில் பெயரோடு வரும் அந்தப் ‘புகழு’க்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் தொடங்கியது. பிரிட்டனில் 2001இல் வந்த ‘பாப் ஐடல்’ உலகம் முழுக்கக் கிளப்பிவிட்ட அலை இங்கே வந்து சேர்ந்த வடிவம் அது. சீசன் ஓடும்போதும் முடிந்த கையோடும் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த சீசனில் வேறு முகங்கள் வந்ததும் பேனரில் படம் மாறுகிறது. சிறுவர் போட்டியில் ஜெயிக்கிற பையன்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: மகரக்கட்டு. ஊரே கொண்டாடிய குரல் பதின்மூன்று, பதினான்கு வயதில் உடைந்துபோகும். நம் பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பிள்ளையிடமிருந்து ஸ்திரீபார்ட் வேஷம் கைமாறிவிடும். இன்றும் அந்தப் பையன் ஏதோ ஒரு வீட்டில் சாதகம் செய்துகொண்டு, புதுக்குரல் எங்கே நிற்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறான். என்னைக் கேட்டால், ஒரு பாடகனின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நாடகம் வேறில்லை. எந்த சேனலும் அதை எடுக்கவில்லை.

பாட்டுக்காரர்களின் பாட்டைக் கொரியாக்காரர்கள் நாடகமாக எடுத்திருக்கிறார்கள். 2021இல் ஜேடிபிசி சேனலில் ‘ஐடல்: தி கூ’ என்று ஒரு தொடர். ‘காட்டன் கேண்டி’ என்ற பெண்கள் குழு. அறிமுகமாகி வருடங்கள் ஓடியும் பாட்டு எடுபடவில்லை. கம்பெனிக்குப் பாரம், ரசிகர்களுக்குக் கேலி. கலைந்து போவதா, இன்னொரு பாட்டுப் போடுவதா என்பதுதான் கதை. அதில் தலைவியாக நடித்த ஹானி நிஜத்தில் ‘இஎக்ஸ்ஐடி’ குழுவின் பாடகி. 2014இல் அந்தக் குழுவே கலைந்துவிடும் என்ற நிலையில், ரசிகர் ஒருவர் எடுத்த மேடை வீடியோ பரவி ‘அப் அண்ட் டவுன்’ பாட்டு மறுபடி பட்டியலில் ஏறியது. பட்டவரே நடித்ததால் அந்தத் தொடரில் ஒப்பந்தம், கடன், பயிற்சிச் செலவு எல்லாம் வசனத்தில் சாதாரணமாக வருகின்றன. அந்த ஒப்பந்தப் பேச்சுக்குப் பின்னால் நிஜ வழக்குகளும் உண்டு. 2009இல் ‘டிவிஎக்ஸ்க்யூ’ குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டே கொரியாவின் வர்த்தக ஆணையம் ஏழு வருடத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டது.

டி.கே.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ படித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கப்பட்ட உலகம். சிறுவயதிலேயே கம்பெனியில் சேர்வது, அங்கேயே உண்டு உறங்கிப் பாட்டும் நடிப்பும் கற்பது, முதலாளி சொன்ன ஊருக்கெல்லாம் போவது: சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் மதுரையில் நடந்ததைத்தான் சியோல் பெரிய அளவில் செய்கிறது. அந்தக் கால நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்குக் கூடிய கூட்டத்தைப் பற்றிப் படித்தால், அவரை நம் முதல் பாப் நட்சத்திரம் என்று சொல்லத் தோன்றுகிறது. 28 வயதுக்குள் வாழ்ந்து முடித்துவிட்டார். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து பாடிய ஸ்பெஷல் நாடக நாட்களை ஒரு நெடுந்தொடராக எடுத்தால் எத்தனை வாரம் ஓடும்!

மேடைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் ஒப்பந்தமும் தெரியாமல் போவதன் விலையை 2024 ஜனவரியில் பார்த்தோம். கரூர் மாவட்டத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் ‘பிடிஎஸ்’ பாட்டுக் குழுவைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். கையில் சேர்த்துவைத்த 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். சென்னை வரை வந்து, முடியாது என்று புரிந்து திரும்பும் வழியில் காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். சென்னையிலிருந்து காட்பாடி போகிற ரயில் நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மேடை வெளிச்சத்தை மட்டும் அவர்களுக்குக் காட்டியவர்கள் பெரியவர்கள். அந்த ஏழு பையன்கள் எத்தனை வருடம் பயிற்சி அறையில் வியர்த்தார்கள், யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டார்கள் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால், கேட்கிற புத்திசாலித்தனம் அந்த வயதுக்கு நிச்சயம் உண்டு. புதுயுகம் டிவி பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்ற கொரியத் தொடரைத் தமிழில் பேசவைத்தது. அதில் முக்கிய வேடத்தில் நடித்த கிம் ஹியுன் ஜூங் ‘எஸ்எஸ்501’ என்ற பாட்டுக் குழுவின் தலைவராக இருந்தவர் என்பது பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது.

செம்பரம்பாக்கத்துக்கே திரும்புகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரி 19 இரவு, இதே வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2021 மே மாதம், மலையாள பிக் பாஸ் இங்கே நடந்துகொண்டிருந்தபோது, ஊரடங்குக்கு நடுவே படக்குழுவினர் சிலருக்குக் கொரோனா தொற்று உறுதியாகி, அதிகாரிகள் வந்து செட்டுக்குச் சீல் வைத்தார்கள். போட்டியாளர்களை ஓட்டலுக்கு மாற்றினார்கள். லைட் தூக்குகிறவரும் டிராலி தள்ளுகிறவரும் பூந்தமல்லி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் என்று இந்தப் பக்கத்து வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டுக்காரரின் நாடகத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தப் புறநகரில் பாடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமை தருகிறது. அதை வசூலித்துக் கொடுக்க 2013இல் ‘இஸ்ரா’ என்ற பெயரில் பாடகர் உரிமைச் சங்கம் ஒன்று பதிவானது. உங்கள் பெயரில் ஒரு பாட்டு ரெக்கார்ட் ஆகி வெளிவந்திருந்தால், அதில் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள். எந்த நிகழ்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டாலும், பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுப் போடுங்கள். எத்தனை வருடம் வேறு சேனலில் பாடக் கூடாது, வெளிக் கச்சேரிப் பணத்தில் பங்கு கேட்கிறார்களா, நீங்கள் பாடிய வீடியோ யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.

நெடுந்தொடர் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் எபிசோடை அம்பத்தூர் ஆடிக் கச்சேரியில் தொடங்குங்கள். கச்சேரி முடிந்து வேனில் ஏறியதும் குழுத் தலைவர் கணக்கைப் பிரிப்பார்: அட்வான்ஸ் போக மீதி எவ்வளவு, கமிட்டிக்காரர் நாளைக்குத் தருகிறேன் என்றது எவ்வளவு, டிவி புகழுக்கு எவ்வளவு, கோரஸ் பாடிய பெண்ணுக்கு எவ்வளவு. அந்தக் காட்சியை வெட்டாமல் முழுசாக எடுங்கள்.

(தொடரும்)