லோக்கல் ரயிலில் கற்ற சார்பியல்



மாட்டுங்கா நிலையத்தில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்திலும் ஒரு ரயில். திடீரென்று நாம் நகர்வதுபோல் இருக்கும். பிளாட்பாரத் தூணைப் பார்த்த பிறகே நகர்வது நாமல்ல, அவர்கள் என்று தெரியும். மும்பையில் வாழும் நம் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரே சீராக ஓடும் வண்டிக்குள் என்ன சோதனை செய்தாலும், ஓடுகிறோமா நிற்கிறோமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் கொள்கையில் பாதி இதுதான். மறுபாதி, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் யார் அளந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்பது. விளக்கை ஏந்தியவர் ஓடினாலும் நின்றாலும் அது மாறாது.

இதைப் படிக்கக் கல்லூரிப் பட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு என் தம்பி மகள், விரும்பிய இயற்பியல் படிப்பில் இடம் கிடைக்காமல், "இனிமே இதெல்லாம் எனக்கு எதுக்குப் பெரியப்பா?" என்று புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவன். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அப்பாவுக்கு மில் வேலை. 1982 ஜனவரியில் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்பா அதன்பின் மில்லுக்குத் திரும்பவே இல்லை. நான் பி.எஸ்ஸி. முதலாண்டோடு நின்று, ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில், ஐன்ஸ்டீன் பொதுமக்களுக்காக எழுதிய சார்பியல் நூலின் ஆங்கிலப் பதிப்பு மலிவாகக் கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு எட்டும் என்று முன்னுரையில் அவரே சொல்லியிருந்தார். ரயிலில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். ‘எல்லாம் சார்புடையது’ என்று நண்பர்களிடம் அளக்கத் தெரிந்ததே ஒழிய, ஒரு கணக்கு போடத் தெரியவில்லை. கையில் பென்சில் இல்லாமல் படித்ததே தவறு.

பென்சில் எடுத்தவுடன் நான் போட்ட முதல் கணக்கு இது. ஒளி வேகத்தில் 5-இல் 3 பங்கு வேகத்தோடு ஒரு ரயில் ஓடுகிறது என்று கற்பனை செய்யுங்கள். பெட்டியின் தரையில் விளக்கு. நேர் மேலே கூரையில் கண்ணாடி. பயணிக்கு ஒளி செங்குத்தாக மேலே போகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கோ, ஒளி கூரையைத் தொடுவதற்குள் ரயில் முன்னே நகர்ந்துவிடுவதால் அது சாய்வாகப் போகிறது. ரயில் 3 அளவு நகரும்போது ஒளி 5 அளவு போயிருக்கும். ஆகவே கூரையின் உயரம் 4. ஒன்பதாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம்தான். ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே. எனவே நிற்பவர் கடிகாரத்தில் 5 நொடி ஆகும்போது, ஓடும் கடிகாரத்தில் 4 நொடிதான் ஆகியிருக்கும். காலம் மெதுவாவது என்பது இவ்வளவே.

அடுத்த இடத்தில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டேன். பயணியின் பார்வையில் ஓடுவது பிளாட்பாரம். அப்படியானால் பிளாட்பாரக் கடிகாரம்தானே மெதுவாக வேண்டும்? இருவர் சொல்வதும் எப்படிச் சரியாகும்? விடை ‘ஒரே நேரம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ரயிலின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் மின்னல் விழுந்ததாகப் பிளாட்பாரக்காரர் சொல்கிறார். நடுப்பெட்டிப் பயணியோ முன்முனை ஒளியை எதிர்கொண்டு போவதால் அதை முதலில் பார்க்கிறார். இரு முனைகளும் அவருக்குச் சம தூரம். ஒளி வேகமும் சமம். ஆகவே முன்னால்தான் முதலில் விழுந்தது என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. தூரத்தில் உள்ள இரண்டு கடிகாரங்களை ஒப்பிட ‘ஒரே நேரம்’ வேண்டும். அதுவே ஆளுக்கு ஆள் மாறுகிறது. இது புரிந்தால் முரண்பாடு தீர்ந்துவிடும்.

வெறும் காகிதக் கணக்குத்தானா என்று கேட்பீர்கள். உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் அதைத் துளைத்துப் போகிறது. இவை சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறப்பவை. சராசரி ஆயுள் நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். பிறகு எப்படி இவ்வளவு மியூவான்கள் தரையை எட்டுகின்றன? ஓடும் கடிகாரம் மெதுவாக நடப்பதால்தான். இத்தகைய துகள்களின் சிதைவே சார்பியலுக்கு நேரடிச் சோதனையாகும் என்று 1938-இல் சுட்டிக்காட்டியவர் மும்பையில் பிறந்த ஹோமி பாபா. அமெரிக்க மலைப்பகுதியில் ரோஸியும் ஹாலும் அதை அளந்து 1941-இல் வெளியிட்டார்கள். செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் நம்மவர் பலர் பணியாற்றிய அணு ஆராய்ச்சி மையம் 1967 முதல் அந்தப் பாபாவின் பெயரைத்தான் தாங்குகிறது.

இதையெல்லாம் முதலில் படித்தவர்களுக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? 1905-இல் ஐன்ஸ்டீன், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது இளைஞர். 1920-இல் மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர்களுக்கும் அப்போது 26 வயது. கற்பிக்க ஆளில்லாத பாடத்தைத் தாமே கற்று, மாணவர்களுக்கும் கற்பித்தார்கள்.

தானாகப் படிக்க விரும்புவோருக்கு என் அனுபவம் காட்டும் வரிசை இது. முதலில் பள்ளி இயற்கணிதமும் பிதாகரஸும். பிறகு ஒளிக் கடிகாரம், ‘ஒரே நேரம்’, நீளம் சுருங்குதல். அதன்பின் லோரன்ட்ஸ் சமன்பாடுகள். நுண்கணிதம் தொடக்கத்தில் தேவையில்லை. ஆங்கிலம் தடுக்கிறதென்றால் தமிழில் சொல்லிப் பாருங்கள். தாய்மொழியில் சொல்ல வராதது இன்னும் புரியவில்லை என்றே பொருள். ஒரு கணக்கு முடியாமல் அடுத்த பக்கம் திருப்பாதீர்கள்.

என் சொந்தக் கணக்கையும் போட்டேன். நாளுக்கு 2 மணி, ஆண்டுக்கு 300 நாள், 40 ஆண்டு லோக்கல் பயணம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், எனக்கு மிச்சமான ஆயுள் ஒரு நொடியின் 33 லட்சத்தில் ஒரு பங்குதான். தம்பி மகள் சிரித்தாள். "அது எப்படி வந்துச்சு பெரியப்பா?" என்றாள். தாளைக் கொடுத்தேன். விடை சரிதானா என்று பார்க்க அவளே பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினாள்.

பெற்றோர்களே, இடம் கிடைக்காத பிள்ளையிடம் ‘படிப்பு முடிந்தது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்புங்கள்; வரும்போது பென்சில் கொண்டுவரட்டும்.