தொடர்நிலைத் தரவுத் தொடர்பில் புவி இணைப்பும் இரைச்சலும்

தொடர்நிலைத் தரவுத் தொடர்பு என்பது தரவின் பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் அனுப்பும் முறையாகும். கம்பிவழித் தொடர்பில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்னழுத்தமாகச் செல்கிறது. மின்னழுத்தம் என்பது எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. எனவே அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் எதனைச் சுழியம் எனக் கொள்கின்றன என்பது முதன்மையான கேள்வியாகிறது. இவ்விரு சுழியங்களும் வேறுபடும்போது தரவுப் பிழைகளும், சில வேளைகளில் கருவிச் சேதமும் ஏற்படுகின்றன.

புவி எங்கும் சுழியமன்று

புவியின் மின்னழுத்தம் சுழியம் என்பது கணக்கீட்டு வசதிக்கான மரபேயாகும். மண்ணுக்கும், 'எர்த்' என வழங்கும் புவி இணைப்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. அவற்றின் வழியே மின்னோட்டம் பாயும்போது ஓம் விதிப்படி மின்னழுத்த வேறுபாடு தோன்றும். எடுத்துக்காட்டாக, 0.5 ஓம் மின்தடையுள்ள புவிக்கம்பியில் 8 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே 4 வோல்ட் வேறுபாடு இருக்கும். அருகில் இடி விழும்போது இவ்வேறுபாடு ஆயிரக்கணக்கான வோல்ட்டை எட்டலாம்.

தந்தித் தடங்கள் பலவற்றில் ஒரு கம்பி மட்டுமே இருந்தது. புவியே திரும்பு பாதையாகப் பயன்பட்டது. 1859 செப்டம்பர் 2 அன்று, பெரும் சூரியப் புயலின்போது, அமெரிக்காவின் பாஸ்டன், போர்ட்லாந்து நகரங்களுக்கிடையிலான தந்தித் தடம் மின்கலங்கள் துண்டிக்கப்பட்ட நிலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இயங்கியது. கம்பியும் புவியும் சேர்ந்த சுற்றில் தூண்டப்பட்ட மின்னழுத்தமே அதற்குப் போதுமானதாக இருந்தது. தொலைபேசித் தடங்களின் இரைச்சலைக் குறைக்க, இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்றார்.

இரைச்சல் புகும் வழிகள்

* பொது மின்தடை: பல கருவிகள் ஒரே புவிக்கம்பியைப் பகிரும்போது, ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றின் சுழியத்தை மாற்றுகிறது.
* மின்புலம்: அருகிலுள்ள கம்பியின் மின்னழுத்த மாற்றம் மின்தேக்கம் வழியே தரவுக் கம்பியை அடைகிறது.
* காந்தப்புலம்: மின்னோடி, மின்மாற்றி போன்றவற்றின் மாறும் காந்தப்புலம் கம்பிச் சுற்றில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சுற்று அடைக்கும் பரப்பளவு கூடக்கூட இதுவும் கூடும்.
* புவி வளையம்: இரு கருவிகளும் தனித்தனியே புவியுடன் இணைக்கப்பட்டு, தரவு வடம் வழியாகவும் இணைக்கப்படும்போது ஒரு மூடிய வளையம் உருவாகிறது. புவிகளுக்கிடையிலான மின்னோட்டம் அப்போது தரவு வடத்திலும் பாய்கிறது.

ஒற்றைமுனை முறை: ஆர்எஸ்-232

1960 இல் வெளியான ஆர்எஸ்-232 தரத்தில் ஒவ்வொரு குறிகையும் ஒரு பொதுக் கம்பியைச் சார்ந்து அளக்கப்படுகிறது. பெறும் கருவி +3 வோல்ட்டுக்கு மேற்பட்டதை 0 எனவும், −3 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டதை 1 எனவும் கொள்கிறது. இடைப்பட்ட பகுதி வரையறுக்கப்படவில்லை. அனுப்பும் கருவி +5 வோல்ட் அனுப்பும்போது பெறும் கருவியின் சுழியம் 4 வோல்ட் உயர்ந்திருந்தால், அதற்கு 1 வோல்ட் மட்டுமே தெரியும். அது எந்தப் பிட் என்று உறுதியாகக் கூற இயலாது. இம்முறை குறுகிய தொலைவுகளுக்கே ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறுபாட்டு முறை: ஆர்எஸ்-485

1983 இல் வெளியான ஆர்எஸ்-485 தரத்தில் ஒரு பிட், முறுக்கிய இரு கம்பிகளுக்கிடையிலான வேறுபாடாக அனுப்பப்படுகிறது. இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகத் தாக்குவதால், கழித்தலில் அது நீங்கிவிடுகிறது. 0.2 வோல்ட் வேறுபாடே பெறும் கருவிக்குப் போதுமானது. குறைந்த வேகங்களில் ஏறத்தாழ 1200 மீட்டர் வரை தரவை அனுப்பலாம்.

இதனால் ஆர்எஸ்-485 தடத்திற்கு இரு கம்பிகளே போதும் என்ற தவறான புரிதல் பரவலாக உள்ளது. பெறும் கருவியின் சுழியத்தைச் சார்ந்து ஒவ்வொரு கம்பியின் மின்னழுத்தமும் −7 முதல் +12 வோல்ட் வரையிலான எல்லைக்குள் இருத்தல் வேண்டும். குறிகை 0 முதல் 5 வோல்ட்டுக்குள் அமைவதால், புவிகளுக்கிடையே சுமார் 7 வோல்ட் வேறுபாட்டுக்கே இடமுண்டு. அதனை மீறினால் பிட்கள் பிழைபடும். மேலும் மிகுந்தால் சில்லு எரிந்துவிடலாம். ஒரே மேசையில் சரியாக இயங்கிய கருவிகள் தொழிற்சாலையின் இரு முனைகளில் வைக்கப்படும்போது செயலிழப்பதற்கு இது பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே சுழியங்களை நெருங்க வைக்கும் மூன்றாவது கம்பி ஒன்று தேவை. இதில் மிகையான மின்னோட்டம் பாயாதிருக்கச் சில அமைப்புகளில் 100 ஓம் மின்தடை சேர்க்கப்படுகிறது.

தீர்வுகள்

* முறுக்கிய இணைக்கம்பி: அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று நீக்குகின்றன.
* கவச உறை: ஒரு முனையில் மட்டும் புவியுடன் இணைத்தால் புவி வளையம் தவிர்க்கப்படும். உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு இரு முனை இணைப்பு சிறந்தது; இரண்டாம் முனையை மின்தேக்கி வழியே இணைப்பதும் உண்டு.
* மின் தனிமைப்படுத்தல்: ஒளிப்பிணைப்பியில் குறிகை ஒளியாக மாறி மறுபுறம் செல்வதால் இரு புறங்களுக்கும் மின்தொடர்பு இல்லை. 1983 இல் அறிமுகமான மிடி இசைக்கருவி இணைப்பு இம்முறையைப் பயன்படுத்துகிறது. இரு புறங்களுக்கும் ஒரே மின்வழங்கி இருந்தால் இதனால் பயனில்லை.
* ஒளியிழை: கட்டடங்களுக்கிடையே செல்லும் தடங்களில் இது புவிச் சிக்கலை முழுமையாக நீக்குகிறது.
* பிழை கண்டறிதல்: 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டின் காலம் சுமார் 104 மைக்ரோ நொடி. அதனினும் நீண்ட துடிப்பு பல பிட்களைக் கெடுக்கலாம். ஒற்றை-இரட்டைச் சரிபார்ப்பு இரு பிட் பிழையைக் கண்டறியாது. எனவே மோட்பஸ் ஆர்டியூ போன்ற நெறிமுறைகள் 16 பிட் சுழற்சி மிகுமைச் சரிபார்ப்பைப் பயன்படுத்துகின்றன.

பாதுகாப்பு

இரைச்சலை நீக்கும் நோக்கில் கருவியின் மின் இணைப்பிலுள்ள புவி முனையைத் துண்டிப்பது ஆபத்தானது. இரைச்சல் குறையலாம், ஆனால் கருவிக்குள் பழுது ஏற்பட்டால் அதன் உலோக உறையில் மின்சாரம் பாய்ந்து, தொடுபவரின் உயிருக்குக் கேடு விளையும். புவி வளையத்தைத் தரவு வடத்தில்தான் உடைக்க வேண்டும். பாதுகாப்புப் புவி இணைப்பில் அன்று.