மிஞ்சிய ஆரஞ்சும் அரிசி மாவும்

சாப் கோ மே கழிந்த பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும், சமையலறை மூலையில் ஒரு மண்டரின் ஆரஞ்சுப் பெட்டி கிடக்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்தது, வேலையிடத்தில் முதலாளி கொடுத்தது, மளிகைக் கடையில் மலிவாகப் போட்டார்கள் என்று நாமே தூக்கி வந்தது. முதல் வாரம் பிள்ளைகள் போட்டி போட்டு உரித்துத் தின்பார்கள். அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோல் சுருங்கும், அடியில் இருப்பது பூசணம் பிடிக்கும், கடைசியில் குப்பைக்குப் போகும்.

பூசணம் பிடிக்குமுன் இந்தப் பழங்களைத் தோலோடு வேகவைத்து அரைத்து, கோதுமை மாவே சேர்க்காமல் மஃபின் சுடலாம். செய்முறையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் கோதுமை ஏன் வேண்டாம் என்பதைப் பேசிவிடுவோம். 'குளூட்டன் இல்லாத' உணவு என்றாலே பாதிப் பேர் பணக்கார வீட்டு நாகரிகம் என்று சிரிக்கிறார்கள். மீதிப் பேர் சகல நோய்க்கும் மருந்து என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். நம்மில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கதை வேறு. குளூட்டன் உள்ளே போனதும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிறு ஊதும், பேதியாகும். சிலருக்கு அதுகூட இருக்காது. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் தீராத ரத்தசோகை மட்டும் இருக்கும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கேவுக்கு உண்டு. ரொட்டிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அவருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, ரொட்டியே கிடைக்காத அந்த மாதங்களில் இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் கோதுமையின் பங்கை எடுத்துவைத்தார்.

சீலியாக்கை வெள்ளைக்காரர் நோய் என்றுதான் நம் பக்கம் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்த 562 மலேசிய இளையோரின் ரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமான கணக்கில் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் உறுதி என்று ஆகிவிடாது. ஆனால் நமக்கெல்லாம் வராது என்று கையை விரிக்கவும் முடியாது.

சந்தேகம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைக்குப் போகும்முன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முதலில் மருத்துவர், பிறகுதான் மாவு.

தமிழ் வீடுகளில் இதற்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனிப்புநீர் என்று தெரிந்ததும் நாம் செய்யும் முதல் காரியம், இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. அம்மா மாறுவார், அப்பா மாறுவார், மருமகள் இரண்டு வேளை மாவு பிசைவார். அந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீலியாக் நோயும் இருந்து, அது யாருக்கும் தெரியாமல் இருந்தால்? நல்லது என்று நினைத்துக் கொடுப்பதே வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. குளூட்டன் இல்லை என்பதற்காக ஒரு மஃபின் இனிப்புநீர்க்காரருக்கு ஏற்றதாகிவிடாது. அரிசி மாவும் சீனியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவது ஒரு மாமாக் கடையில், ரொட்டி சானாய் வீசுகிற அண்ணன் எதிரில் உட்காருங்கள். கைக்குள் அடங்கிய உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி மேசையில் அறைகிறார். மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்தும் மாவு கிழிவதில்லை. அந்த இழுவைதான் குளூட்டன். அரிசி மாவைப் பிசைந்து இப்படி ஒரு தடவை வீசிப் பார்த்தால் தரையெல்லாம் மாவாகும். ஆகவே குளூட்டன் இல்லாத ரொட்டி சானாய்க்கு நான் ஆசைப்படுவதில்லை.

மஃபின் வேறு ரகம். கோதுமை மாவில் மஃபின் சுடுகிறவர்களுக்கே முதல் பாடம், மாவு போட்டபின் அதிகம் கலக்காதே என்பதுதான். கலக்கக் கலக்கக் குளூட்டன் இறுகி மஃபின் ரப்பராகிவிடும். கோதுமைக்காரர்களே அடக்கிவைக்கப் பார்க்கிற ஒன்றை நாம் மொத்தமாக எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். அடுமனைப் பண்டங்களில் குளூட்டன் போவதால் மிகக் குறைவாக நஷ்டப்படுவது மஃபின் என்பது என் கணிப்பு. உருவத்தைத் தாங்கும் வேலையை முட்டை பார்த்துக்கொள்ளும்.

கோதுமை இல்லாமல் மாவைப் பொங்க வைப்பதும் நமக்குப் புதிதில்லை. இட்லி என்ன செய்கிறது? குளூட்டனின் வேலையை அங்கே உளுந்து செய்கிறது. உளுந்தின் புரதமும், அதில் உள்ள வழவழப்பான அரபினோகேலக்டனும் சேர்ந்து, புளிக்கும்போது உண்டாகும் காற்றைத் தப்பவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆனாலும் 'குளூட்டன் இல்லை' என்று அச்சடித்த வெளிநாட்டுக் கலவை மாவுப் பைக்குப் பல மடங்கு விலை கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பேரங்காடிகளில் பார்க்கிறேன்.

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து இறங்கி, துறைமுக ஊர்களின் ஆலைகளில் மாவாகிறது. அப்படி வந்தும், மானியத்தால் ஒரு கிலோ சாதாரண கோதுமை மாவு 1 ரிங்கிட் 35 சென்னுக்குக் கிடைத்து வந்திருக்கிறது. நெல்லோ கிள்ளானுக்கு வடக்கே, இதே சிலாங்கூரின் கடலோரத்தில், தஞ்சோங் காராங்கிலும் செக்கிஞ்சானிலும் விளைகிறது. மலிவில் கோதுமையை மிஞ்ச முடியாது என்றாலும் அரிசி மாவு கைக்கடக்கமான விலைதான்.

எந்த அரிசி மாவு என்பதில்தான் கவனம் வேண்டும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் கடைத்தெருவுக்குப் போனால் இடியப்ப மாவு, புட்டு மாவு, முறுக்கு மாவு என்று வகைவகையாக வாங்கலாம். புட்டு மாவு மஃபினுக்கு ஆகாது. குருணையாக இருப்பதால் பல்லில் நறநறக்கும். இடியப்ப மாவு பரவாயில்லை. தாய்லாந்திலிருந்து வரும், ஊறவைத்து நைசாக அரைத்த பொட்டல மாவு இன்னும் நல்லது.

சீலியாக் நோயாளிக்குச் சுடுவதானால் மில்லில் அரைத்த மாவை எடுக்காதீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மில்லில் எப்படி வரிசை நிற்கும் என்று தெரியும்தானே? ஒருவர் சத்துமாவுக்குக் கோதுமை போட்டு அரைத்து முடித்ததும் அடுத்தவர் பச்சரிசியைக் கொட்டுவார். முதல் இரண்டு பிடி மாவில் முந்தியவருடைய கோதுமையும் சேர்ந்துதான் விழும். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 'குளூட்டன் இல்லாதது' என்று சொல்ல அனைத்துலக உணவுத் தரம் அனுமதிப்பது ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன்தான். மில்லின் வாயில் ஒட்டியிருப்பதே அந்த வரம்பைத் தாண்டிவிடும். மூடி முத்திரையிட்ட பொட்டலத்தை வாங்கி, அதன் முதுகில் 'கண்டும்' என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டு உணவு விதிமுறையே சொல்கிறது. வீட்டிலேயே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து இருமுறை சலிக்கலாம் என்றால் அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

ஆரஞ்சைத் தோலோடு வேகவைத்து அரைக்கும் யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. கெய்ரோவில் பிறந்த சமையல் எழுத்தாளர் கிளாடியா ரோடன், 1968இல் வெளியிட்ட மத்தியக் கிழக்குச் சமையல் நூலில், செபார்டி யூதர்களின் ஆரஞ்சு பாதாம் கேக்கைச் சேர்த்திருந்தார். இரண்டு முழு ஆரஞ்சு, ஆறு முட்டை, அரைத்த பாதாம், சீனி. மாவென்று எதுவும் இல்லை. பழத் தோலின் வெள்ளைப் பகுதியில் பெக்டின் இருக்கிறது. ஜாமை இறுக்குவது அதுதான். வேகவைத்து அரைத்தால் அதே பெக்டின் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கேக்கை உதிரவிடாமல் காக்கிறது. அரிசி மாவுக்கு இருக்கும் பெரிய குறை மறுநாள் வறண்டு பொடியாவது. அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பாதாம் நம் ஊரில் விலை. அதனால் பாதிக்கு அரிசி மாவு போடுகிறேன்.

சீனப் பெருநாளுக்கு வரும் பழங்களில் பொங்கான் வகையின் தோல் தளர்ந்து உப்பியிருக்கும். நடுத்தர அளவில் இரண்டு எடுங்கள். வேகவைத்து விதை நீக்கினால் 200 கிராம் அளவுக்கு விழுது வர வேண்டும். தோலில் மெழுகு பூசியிருக்கலாம். வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முழுப் பழமாகவே தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் மஞ்சளாகும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கசப்பில் பாதி அதோடு போய்விடும். மெல்லிய தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெந்ததும், குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கும். ஆறவிட்டுப் பிய்த்து, ஒவ்வொரு விதையாக எடுங்கள். இதில் சோம்பல் கூடாது. ஒரே ஒரு விதை மிக்சியில் அரைபட்டாலும் மொத்த விழுதும் கசந்துவிடும்.

மூன்று முட்டையையும் 110 கிராம் சீனியையும் வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். ஆரஞ்சு விழுது, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய், 75 கிராம் பாதாம் தூள், 50 கிராம் அரிசி மாவு, ஒரு மேசைக்கரண்டி புலுட் மாவு, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சேர்த்துக் கலக்குங்கள். புலுட் பசையாக ஒட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் குளூட்டன் கிடையாது, உதிராமல் பிடிக்கத்தான் உதவும். எவ்வளவு கலக்கினாலும் இந்த மாவு ரப்பராகாது.

கலக்கியதும் அடுப்பில் வைக்காமல் அரை மணி நேரம் மூடி வையுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். பொறுக்காவிட்டால் வாயில் மணல் தட்டும். அதன்பிறகே ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரைச் சலித்துப் போடுங்கள். சில பேக்கிங் பவுடரில் கோதுமை மாச்சத்து கலந்திருக்கும், அந்த டப்பாவின் முதுகையும் படித்துவிடுங்கள். காகிதக் கிண்ணங்களில் முக்கால் பங்கு ஊற்றி, முன்பே சூடாக்கிய அடுப்பில் 180 பாகையில் 25 நிமிடம். எட்டு அல்லது ஒன்பது மஃபின் வரும். நம் வீடுகளில் உள்ள சின்ன மேசை அடுப்புகளில் பின்பக்கம் சூடு அதிகம், பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். வெந்ததா என்று பார்க்கச் சாத்தே குச்சி போதும். முழுக்கக் காய்ந்து வர வேண்டியதில்லை. லேசாகப் பிசுக்கோடு வந்தாலும் எடுத்துவிடலாம். ஆனால் ஈர மாவு ஒட்டக் கூடாது.

புளிப்புக்கு லீமாவ் கஸ்தூரி. ஐந்தாறு பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் மூன்று மேசைக்கரண்டி சாறு கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரையும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு சாற்றை ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் கஸ்தூரியின் மணம் ஆவியோடு போய்விடும். மஃபின் சூடாக இருக்கும்போதே குச்சியால் ஆங்காங்கே குத்தி, கரண்டியால் விடுங்கள்.

வெள்ளிக்கிழமையும் விரதமும் பார்க்கும் வீடுகளில் முட்டைக்கு வழி இல்லை. அதற்கு இந்தியப் பொருள் விற்கும் கடைகளில் மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல் இருக்கிறதே, அது கைகொடுக்கும். இரண்டு தேக்கரண்டி இசப்கோலை அரைக் கிண்ணம் தயிரில் ஊறவைத்தால் கூழாகிவிடும். முட்டைக்குப் பதில் அதைச் சேர்த்து, பேக்கிங் பவுடரோடு ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடுங்கள். முட்டை போட்ட அளவுக்கு எழும்பாது, கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும். கொழுக்கட்டை தின்று வளர்ந்த வாய்க்கு அது குறையாகத் தெரியாது.

மஃபினில் கோதுமை இல்லை என்று உறுதியானதும் வேலை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சாம்பாரிலும் ரசத்திலும் அது தினமும் உள்ளே போகும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. வடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்தால் பயனில்லை. ரவை கோதுமையே என்பதை மறந்து, கோயில் கேசரியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுகிறவர்களும் உண்டு. வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் இருந்தால் சல்லடை, மாவுக் கரண்டி, மஃபின் தட்டு மூன்றையும் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

மஃபின் தட்டில் பாதாமும் முட்டையும் இருக்கின்றன என்பதை, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். கொட்டை ஒவ்வாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கூடவே குடிக்க என்ன என்பதிலும் ஒரு பொறி உண்டு. உடல் சூட்டுக்கு என்று ஐஸ் பார்லி லீமாவ் சொல்லிவிடுவோம். பார்லியிலும் குளூட்டன் உண்டு. மைலோவில் பார்லி மால்ட், ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும். தே ஓ லீமாவ் போட்டுக்கொள்ளுங்கள், சீனி குறைவாக.