மணி ஏன் கூடத்துக்கு வரவில்லை?

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. வயது 9. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும். கொல்லையில் இருந்து பாய்ந்து வருவான்.

போன வருடம் வீட்டுக்குப் புதுத் தரை போட்டோம். பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு, முகம் பார்க்கலாம் போல மின்னும் டைல்ஸ் பதித்தோம். வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். மணி மட்டும் புகழவில்லை!

ஒரு மாதத்தில் அவன் ஓடி வருவதை நிறுத்திவிட்டான். சமையல் அறைப் படியிலேயே நின்று வாலை ஆட்டுவான். கூடத்தில் கால் வைக்க மாட்டான்.

"கிழடாகி விட்டது. இனிமேல் கொல்லையிலேயே கட்டிப் போடு" என்றார் அப்பா.

எனக்கு மனம் வரவில்லை. கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் மணியின் கால்களை மடக்கி, நீட்டிப் பார்த்தார். பிறகு, "வீட்டில் என்ன தரை?" என்று கேட்டார்.

நகம்தான் பிடிமானம்

மண்ணில் ஓடும்போது நாயின் நகம் தரையில் பதியும். கால் வழுக்காது. டைல்ஸ், கிரானைட், பாலிஷ் போட்ட மொசைக் ஆகியவற்றில் நகம் இறங்காது. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று போகும். அப்போது இடுப்பும் முழங்காலும் முறுக்கிக்கொள்ளும். மூட்டுத் தேய்ந்த கிழ நாய்க்கு அது பெரிய வேதனை.

ஒருமுறை விழுந்தால் பயம் வந்துவிடும். நடக்காமல் படுத்தே கிடக்கும். தொடைச் சதை கரையும். பிறகு மூட்டைத் தாங்குவது யார்?

குட்டிகளுக்கும் ஆபத்து உண்டு. லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய ஜாதிகளில் இடுப்பு மூட்டு தளர்ந்து போகும் நோய் பரம்பரையாகவே வரும். 2012-ல் வெளியான நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று, 3 மாதம் ஆகும் முன்பே படிக்கட்டில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. வெளியே அவிழ்த்துவிட்டு ஓடி விளையாடிய குட்டிகளுக்கு வாய்ப்பு குறைவு.

சாக்கு கவிழ்த்தது!

டைல்சை மறுபடி பெயர்க்கவா முடியும்? முதலில் சாக்கை விரித்தோம். தப்பு! சாக்கே வழுக்கி, மணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

பிறகு, அடியில் ரப்பர் உள்ள கால்மிதிகள் வாங்கினோம். அவன் படுக்கும் இடத்தில் இருந்து தண்ணீர்ச் சட்டிக்கு, அங்கிருந்து வாசலுக்கு என்று வரிசையாகப் போட்டோம். நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தாலும் அங்கேயே நின்றுவிட்டான். எனவே ஒன்றோடு ஒன்று முட்டும்படி நகர்த்திப் போட்டோம். டைல்சுக்கு ஆன செலவோடு பார்த்தால் இது தூசு.

தரையைத் துடைத்தால் ஈரம் காயும்வரை அவனை விடுவதில்லை.

நடக்கும்போது 'டக், டக்' என்று சத்தம் கேட்கிறதா? நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் தரையில் முட்டி விரலை மேலே தள்ளும். நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே ரத்தக்குழாய் இருக்கிறது. கறுப்பு நகத்தில் அது தெரியாது. முதல் தடவை டாக்டர் வெட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியையும் கத்தரித்து விடுங்கள்.

அம்மாவின் நெய்ச்சோறு

அம்மா மணிக்கு நெய்ச்சோறு போடுவாள். டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம்!

ஆனால் டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதி நாய்களுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள். அவை மற்றவற்றைவிட ஏறக்குறைய 2 வருடம் அதிகம் வாழ்ந்தன. மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. முடிவு 2002-ல் வெளியானது.

இன்னொன்று. நாம் விழுங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நேற்று மாலை என் செருப்புச் சத்தம் கேட்டு மணி கூடத்துக்கு வந்தான். ஓடவில்லை. நடந்துதான் வந்தான். வாசல் ஓரம் இரண்டு டைல்ஸ் மட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. அங்கே வந்ததும் நின்று என்னைப் பார்த்தான். அப்பா எழுந்தார். தன் நாற்காலிக்கு அடியில் கிடந்த கால்மிதியை எடுத்து அங்கே போட்டார்.