கல்விக் கடன் மறுப்பு: கெடு எங்கே தொடங்குகிறது?

கல்விக் கடன் மறுக்கப்பட்ட மாணவர்களின் பெற்றோர் ஆலோசனை கேட்டு வரும்போது, மறுப்புக் கடிதம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. ‘மேலாளர் முடியாது என்று சொல்லிவிட்டார்’ என்பார்கள். எந்தத் தேதியில் சொன்னார் என்பது நினைவில் இராது. அதற்குள் வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் செலுத்தி, முதல் பருவத் தேர்வும் முடிந்திருக்கும். மேல்முறையீட்டுக் கெடு தவறிவிட்டதே என்று வருந்துவதற்கு முன்பு, அந்தக் கெடு தொடங்கிவிட்டதா என்பதையே இத்தகையோர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, விண்ணப்பத்தை நிராகரிப்பதற்கு மேல்நிலை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்மொழி மறுப்பு இந்த இரண்டையும் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஆகவே, காரணத்தை எழுத்தில் கேட்டு வங்கிக்குப் புகார் அளித்து, ஒப்புகை பெறுவதே முதற்படி.

இந்த ஒப்புகைத் தேதிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், வங்கியிடம் எழுத்தில் புகார் அளிக்காமல் நேரே குறைதீர்ப்பாளரை அணுக முடியாது. வங்கி 30 நாள்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ, அளித்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ அவரிடம் செல்லலாம். பதில் கிடைத்திருந்தால் அதிலிருந்து ஓராண்டு. கிடைக்காதிருந்தால் புகார் தேதியிலிருந்து ஓராண்டும் 30 நாள்களும் என்பது அத்திட்டத்தின் கணக்கு. ரிசர்வ் வங்கி இவ்விதிகளை அவ்வப்போது திருத்துவதால், மனு அளிக்கும் நாளில் நடப்பிலுள்ள வாசகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆனால், ‘எனக்குக் கடன் தரவில்லை’ என்று மட்டும் எழுதினால் மனு நிலைக்காமல் போகலாம். வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை. காரணம் தெரிவிக்கவில்லை, உரிய காலத்தில் முடிவெடுக்கவில்லை, விதிக்கு மாறாகப் பிணை கேட்டார்கள் என்று சேவைக் குறைபாட்டைச் சுட்டி எழுத வேண்டும்.

உண்மையான இடர் அடுத்த படியில் இருக்கிறது. குறைதீர்ப்பாளரின் தீர்ப்பாணையை எதிர்த்து ரிசர்வ் வங்கியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல 30 நாள்கள்தான் அவகாசம். தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால், மேலும் 30 நாள்களுக்கு மிகாமல் அவர் நீட்டித்துத் தரலாம். (எல்லா நிராகரிப்புகளுக்கும் இந்த வழி திறந்திருப்பதில்லை, ஏற்கத்தக்கதல்ல என்று முடித்துவைக்கப்பட்ட புகாருக்கு மேல்முறையீடு இல்லை.) தீர்ப்பாணை மாணவருக்குச் சாதகமாகவே வந்தாலும், அதை ஏற்பதாக 30 நாள்களுக்குள் எழுதித் தராவிட்டால் அது காலாவதியாகிவிடும். வென்றவருக்கும் கெடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

‘மிகாமல்’ என்ற சொல்லை நீதிமன்றங்கள் எவ்வளவு கண்டிப்பாகப் படிக்கின்றன என்பதற்கு 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பே சான்று. பழைய நுகர்வோர் சட்டத்தில் எதிர்த் தரப்பு பதிலளிக்க 30 நாள்களும், கூடுதலாக 15 நாள்களும் தரப்பட்டிருந்தன. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர இயலாது என்று அந்த அமர்வு கூறிவிட்டது. உச்ச வரம்பு எழுதப்பட்ட இடத்தில் இரக்கத்துக்கு அதிக இடமில்லை.

உச்ச வரம்பு இல்லாத இடத்தில் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம்; அதன் ஆணையை எதிர்த்து 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்துக்குச் செல்லலாம். இரண்டிலும், போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இங்கே வாய்மொழி மறுப்பும் வழக்கு மூலமாகக் கருதப்படலாம் என்பதால், கடிதம் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. ‘போதுமான காரணம்’ என்பதைத் தாராளமாகவே அணுக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் காதிஜி வழக்கில் விளக்கியிருக்கிறது.

இருப்பினும், அந்தத் தாராளம் தானாக வந்து சேராது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைத் தனியே அளிக்க வேண்டும். ஆணை எப்போது கைக்கு வந்தது, கெடு எந்த நாளில் முடிந்தது, இடையில் என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாகச் சொல்ல வேண்டும். மாணவர் வெளியூர் விடுதியில் இருக்க, கடிதம் ஊர் முகவரிக்குச் சென்றிருந்தால் அஞ்சல் முத்திரையுள்ள உறையே ஆதாரம். உடல்நலக் குறைவென்றால் மருத்துவமனைக் குறிப்பு. ‘சட்டம் தெரியாது’ என்ற ஒற்றை வரி பெரும்பாலும் எடுபடாது.

தெரிந்துகொள்ள வழி செய்யாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும் அல்லவா? காரணத்தை எழுதும் கடிதத்திலேயே, எங்கே, எத்தனை நாள்களுக்குள் முறையிடலாம் என்று இரண்டு வரிகள் அச்சிடுவதில் வங்கிக்கு என்ன செலவு? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே இதைக் கட்டாயமாக்கியது: தகவல் மறுக்கும் அலுவலர் காரணத்துடன் மேல்முறையீட்டுக் காலத்தையும் மேல்முறையீட்டு அதிகாரியின் விவரத்தையும் தெரிவித்தாக வேண்டும். தகவலுக்கு உள்ள இந்த நெறி, ஒரு மாணவரின் படிப்பைத் தீர்மானிக்கும் கடன் மறுப்புக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் கருத்து. ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிட முடியும்.