தீ வைத்தால் உடும்பு பெருகுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பழங்குடி மக்கள் புல்லுக்குத் தீ வைத்து உடும்பு வேட்டையாடுகிறார்களாம். அப்படி வேட்டையாடும் இடத்தில்தான் உடும்பு அதிகம் என்று ஒரு காணொலியில் சொல்கிறார்கள். நம்பலாமா?"

நம்பலாம். ஆனால் அத்தகைய காணொலிகள் வழக்கமாகப் போய் முடியும் இடத்தை நம்ப வேண்டாம். 'ஆதிகுடிகளின் ரகசியம், உலகக் காட்டுத்தீக்கெல்லாம் ஒரே தீர்வு' என்கிற பேச்சு, 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி எரிந்த பிறகு பெருகிவிட்டது. அங்கே பெருமளவில் எரிந்தது யூகலிப்டஸ் காடு. இந்த உடும்பு வேட்டை நடப்பதோ கண்டத்தின் மறுபக்கத்தில், மரம் அரிதான மணல்வெளியில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், வியக்க வேண்டிய விஷயம் கண்ணில் படாமலே போய்விடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி, லிட்டில் சாண்டி, கிப்சன் பாலைவனங்களை ஒட்டிய நிலம் மார்ட்டு மக்களுடையது. அங்கே எங்கு பார்த்தாலும் ஸ்பினிஃபெக்ஸ் புல். குத்துக் குத்தாக வளரும். ஊசி போன்ற இலை. பிசின் நிறைந்தது என்பதால் பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே வெறும் மணல்.

குளிர்காலத்தில் மணல் உடும்பு வளைக்குள் மந்தமாக முடங்கிக் கிடக்கும். மேலே புல் மண்டியிருந்தால் வளை வாய் தெரியாது. உடும்பு வேட்டையில் முன்நிற்பவர்கள் பெண்கள். காற்றின் திசையைப் பார்த்து, முதிர்ந்த புல் திட்டு ஒன்றின் ஓரத்தில் தீயிடுவார்கள். தீ முன்னே போகும். அவர்கள் பின்னால் சாம்பலில் நடப்பார்கள். கருகிய தரையில் புதிதாகத் தள்ளிய மண் தெரிகிறதா, தடம் இருக்கிறதா என்று தேடுவார்கள். வளை அகப்பட்டதும் தோண்டுகோலால் தரையைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். கோல் சட்டென்று இறங்கும் இடத்தில் கீழே பொந்து இருக்கிறது. அங்கே நேராகத் தோண்டி உடும்பைக் கையால் பிடித்துவிடுவார்கள். கோடையில் உடும்பு வெளியே நடமாடும். தடத்தைத் தொடர்ந்தே பிடிக்கலாம் என்பதால் தீ தேவையில்லை. ஆகவே, தீ வைப்பது முதலில் இன்றைய சாப்பாட்டுக்கான வேலை.

எரிந்த திட்டு அதோடு முடிந்துவிடுவதில்லை. அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் மார்ட்டு மொழியில் ஒரு பெயர் உண்டு. கருகிக் கிடப்பது நியுர்ன்மா. மழை பெய்து பச்சைத் துளிர் விட்டால் வாரு-வாரு. ஓரிரு வருடங்களில் காட்டுத் தக்காளியும் புல்லரிசியும் காய்த்துக் குலுங்கும்போது நியுகுரா. ஸ்பினிஃபெக்ஸ் மறுபடி ஓங்கி, தீயைத் தாங்கிக் கொண்டுபோகும் அளவுக்கு நெருங்கினால் மங்கு. முதிர்ந்து, நடுவில் செத்து, வேறெதற்கும் இடம் விடாமல் அடைத்துக்கொண்டால் குணர்க்கா. நல்ல வேட்டை நிலத்தில் இந்த ஐந்தும் சில நூறு மீட்டர் நடைக்குள் பக்கம் பக்கமாகக் கிடக்கும்.

இந்தப் பக்கம் பக்கமாகக் கிடப்பதில்தான் சூட்சுமம். கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தீதான் விருந்தாளி; பசி அடங்காத விருந்தாளி. ஒரே நேரத்தில் இலை போட்டு, ஒரே நேரத்தில் பரிமாறி முடித்த பந்தியில் அவரை உட்கார வைத்தால், முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆள் நடமாட்டமில்லாத நிலத்தில் மின்னல் மூட்டும் தீ இப்படித்தான் கண்ணுக்கெட்டிய தூரம் தின்றுகொண்டு போகிறது. வேட்டை நடக்கும் நிலம் வேறு மாதிரிப் பந்தி. ஒருவர் சாப்பிட்டு இலையை மடித்துவிட்டார். அடுத்தவர் இலையில் இப்போதுதான் உப்பும் ஊறுகாயும் விழுந்திருக்கின்றன. மூன்றாமவர் சாம்பாரில் இருக்கிறார். நான்காமவர் இலையில் பாயசம் வரை வந்தாயிற்று. விருந்தாளி பாயச இலையைக் காலிசெய்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் மடித்த இலை. எழுந்து போக வேண்டியதுதான். உடும்புக்கும் இந்தப் பந்திதான் பிடிக்கும். பதுங்க ஒரு இலை, இரை தேட இன்னொரு இலை என்று அதற்குப் பல இலை வேண்டும். இரண்டு இலைகள் சந்திக்கும் ஓரத்தில் உட்கார்ந்தால் அதற்கு இரண்டும் எட்டும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது மழையின் பங்கு. பாலைவனத்தில் பெருந்தீக்குக் காரணம் வறட்சி என்றுதான் நாம் நினைப்போம். அங்கே நல்ல மழைதான் பெருந்தீக்கு முன்னோடி. மழை பெய்தால் குத்துகளுக்கு நடுவே இருந்த வெறும் மணலில் மெல்லிய புற்கள் முளைக்கின்றன. அவை காய்ந்ததும் ஒரு குத்தையும் அடுத்த குத்தையும் இணைக்கும் திரியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒரு மின்னல் போதும். மார்ட்டு மக்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய மானுடவியலாளர்கள் ரெபெக்கா பிளீஜ் பேர்ட், டக்ளஸ் பேர்ட் ஆகியோரின் குழு, செயற்கைக்கோள் படங்களை வைத்து இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டது. வேட்டையாளர்கள் இல்லாத நிலத்தில் மழை கூடக்கூட, பின்னால் வரும் தீயின் பரப்பும் எகிறுகிறது. வேட்டை நடக்கும் நிலத்தில் அந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிவிடுகிறது. மழை எவ்வளவு பெய்தாலும், அண்மையில் எரிந்த திட்டுகள் தீயின் வழியை மறித்துக்கொண்டு கிடக்கின்றன. 2013-இல் வந்த அவர்களது இன்னொரு ஆய்வுதான் வாசகரின் கேள்விக்கு நேரான பதில்: வேட்டை மிகுந்த பகுதிகளில்தான் மணல் உடும்பும் மிகுதி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்படி நிலத்தை எரித்துப் பேணுவதற்குத் 'தீக்கோல் வேளாண்மை' என்று 1969-இல் பெயர் சூட்டியவர் தொல்லியலாளர் ரைஸ் ஜோன்ஸ். அந்தப் பத்தாண்டில்தான், அரசின் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டி, பாலைவனத்தில் எஞ்சியிருந்த மார்ட்டு குடும்பங்கள் வெளியே கொண்டுபோகப்பட்டன. 1980-களில் அவர்கள் திரும்பிவந்து பர்ன்குர், புன்மு போன்ற குடியிருப்புகளை அமைத்தார்கள். சுமார் 1,36,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அவர்களது மரபுரிமை 2002-இல் ஏற்கப்பட்டது. அவர்கள் இல்லாத காலத்தில் சிறு திட்டுகள் மறைந்து, பெருந்தீக்களின் தழும்புகளே நிலத்தை நிறைத்தன.

ஆகவே, வேட்டையே நிலத்தைக் காப்பாற்றிவிடும் என்று சொல்லலாமா? கூடாது. மார்ட்டு மக்கள் இன்று வண்டியில் போய் வேட்டையாடுகிறார்கள். அதனால் இந்த நன்மை குடியிருப்புகளையும் தடங்களையும் சுற்றியே கிடைக்கிறது. ஸ்பினிஃபெக்ஸ் தீயோடு சேர்ந்தே பரிணமித்த புல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டில் தீ புகுந்தால் அழிவுதான். உடும்பு விஷயத்திலும் நம் சட்டம் தெளிவு: இந்தியாவில் உடும்பு, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பது குற்றம்.

ஆனால் தீயை அறிந்தவர்களை வெளியேற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வி நமக்கும் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள், கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குத் தீ வைப்பார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத 'தரகு பெங்கி'. 1974-இல் அந்தக் காடு சரணாலயமான பிறகு தீயும் வேட்டையும் தடைசெய்யப்பட்டன. தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்தது என்பது சோளகர்கள் சொல்வது. உண்ணிச்செடிக்கும் தீக்கும் உள்ள உறவு பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. எனினும் சோளகர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. அது ஒரு கருதுகோள்; களத்தில் சோதித்துப் பார்க்கத் தகுந்த கருதுகோள்.

ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டு போட்டும் நிலத்தை எரிக்கலாம். ஆஸ்திரேலியாவில் அதுவும் நடக்கிறது. சில இடங்களில் பயன் தருகிறது. ஆனால் மார்ட்டு பெண்ணிடம் இருக்கும் ஒன்றை அந்த முறையில் எளிதில் கொண்டுவர முடியாது. தான் மூட்டிய தீயின் பின்னாலேயே அவர் நடக்கிறார். அது எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பார்க்கிறார். இரண்டு வருடம் கழித்து அதே திட்டில் காய் பறிக்க வருகிறார். தவறாக எரித்தால் நட்டம் அவருக்குத்தான். வேட்டைத் திறன் வேறு, நிலம் பேணுதல் வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த மணல்வெளியில் இரண்டும் ஒரே வேலை.

இனி காட்டுத்தீ பற்றிய செய்தி வந்தால், எத்தனை ஏக்கர் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மாதம், எந்தப் புல், பக்கத்தில் கடைசியாக எப்போது எரிந்தது, தீ மூட்டியவர் அந்த நிலத்துக்கு நாளை திரும்பி வருகிறவரா? இவற்றையும் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் தெரியாமல் 'எரிப்பதே தவறு' என்று சொல்வதும் தவறு, 'எரிப்பதே தீர்வு' என்று சொல்வதும் தவறு.